கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகும் மெக்ரேயை ஏன் திரும்பப் படிக்கிறோம்?

அரசலாற்றங்கரை (கும்பகோணம்), ஜூன் 19, இரவு 9.10

கல்லணையில் திறந்த தண்ணீர் நேற்று எங்கள் தெருமுனைப் பாலத்தைத் தாண்டியது. முதல் நாள் தண்ணீர் எப்போதும் நுரையும் சருகுமாகத்தான் வரும். பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் பெல்ஜிய எழுத்தாளர் ஜார்ஜ் சிமெனோனின் மெக்ரே நாவல் ஒன்றை நான்காவது முறையாகக் கையில் எடுத்தேன். 'பிராவிடென்ஸ்' என்ற சரக்குப் படகின் குதிரைக்காரனைப் பற்றிய நாவல், 1931இல் வந்தது. கொன்றவன் யார் என்று எனக்குத் தெரியும். ஏன் கொன்றான் என்பதும் தெரியும். ஆனாலும் விடியற்காலை இரண்டு மணி வரை கீழே வைக்க முடியவில்லை. அது ஏன் என்று கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: மெக்ரே பாரிஸ் நகரக் குற்றப் புலனாய்வுப் பிரிவின் அதிகாரி. கனத்த உடம்பு, வாயில் புகைக்குழாய், குறைந்த பேச்சு. 1931 முதல் 1972 வரை அவரை வைத்து 75 நாவல்களும் 28 சிறுகதைகளும் வந்தன. நடுவில், 1934இல், ஆசிரியரே அவருக்கு ஓய்வு கொடுத்து லுவார் நதிக்கரைக்கு அனுப்பிவைத்தார். சில ஆண்டுகளில் மீண்டும் அழைத்துவர வேண்டியதாயிற்று. 2013 முதல் 2020 வரை பெங்குவின் நிறுவனம் 75 நாவல்களையும் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பில் மாதம் ஒன்றாக வெளியிட்டது. நான் படிப்பது அந்தப் பதிப்புகளைத்தான்.

இனி முடிவைச் சொல்லித்தான் பேசுகிறேன். அந்த நாவலை இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஒரு கால்வாய் மதகின் பக்கத்திலுள்ள விடுதி லாயத்தில், வைக்கோலுக்கு அடியில், விலை உயர்ந்த உடையோடும் முத்துத் தோடுகளோடும் ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. நம் கண் உடனே உல்லாசப் படகில் வந்த பணக்காரர்கள் பக்கம் திரும்புகிறது. படகை இழுக்கும் குதிரைகளோடு கரையில் நடந்துபோகிற, அந்தக் குதிரைகளுக்கு நடுவிலேயே படுத்துத் தூங்குகிற ழான் என்ற கிழவனை யாரும் பொருட்படுத்துவதில்லை. முதல் முறை படித்தபோது நானும் பொருட்படுத்தவில்லை. அவன் ஒரு காலத்தில் மருத்துவனாக இருந்தவன், கொலைக் குற்றத்துக்காகக் கடல் கடந்த சிறைக் குடியேற்றத்துக்குப் போனவன், கூடவே வருவதாகச் சொன்ன மனைவி வரவில்லை, அவள்தான் வைக்கோலில் கிடப்பவள் என்றெல்லாம் தெரிந்த பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினால், அவன் வெறுமனே நிற்கிற ஒரு வரிகூட நெஞ்சை அடைக்கிறது. மற்ற துப்பறியும் நாவல்கள் விடை தெரிந்ததும் தீர்ந்துபோகின்றன. இது விடை தெரிந்த பிறகுதான் எனக்குத் தொடங்கியது.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறதா?

மூணாறு தலைப்பு (நீடாமங்கலம்), ஜூன் 19, இரவு 10.25

எனக்கு நேர்ந்திருக்கிறது, ஆனால் நான் போன வழி வேறு. என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிற இடத்தில் ஷட்டர்களை ஏற்றி இறக்குவது அவர் வேலை. மதகை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. யார் எந்த நேரத்தில் கரை வழியாகப் போனார்கள், யாருடைய சைக்கிள் விடியும்வரை புளியமரத்தடியில் நின்றது, எல்லாம் தெரிந்திருக்கும். கேட்டால்தான் சொல்வார்கள்.

சிமெனோனின் மதகுக் காவலர்களைப் படித்தபோது, அந்த ஆள் உண்மையிலேயே அங்கே இருந்து பார்த்திருக்கிறார் என்று முதல் பத்து பக்கத்தில் புரிந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, 1928இல் ஒரு சிறிய படகில் பிரான்சின் கால்வாய்களையும் ஆறுகளையும் சுற்றியவர் அவர். அடுத்த ஆண்டு 'ஆஸ்ட்ரோகாத்' என்ற பெரிய படகை வாங்கி, அதில் குடியிருந்தபடியே வடக்கு நோக்கிப் போனார். நெதர்லாந்தில் டெல்ஃப்சைல் என்ற துறைமுக ஊரில் படகு பழுதுபார்க்க நின்றதை வைத்து, அந்த ஊரில் 1966இல் மெக்ரேக்குச் சிலையே வைத்தார்கள்.

அவருடைய மதகு நம்முடையதைப் போன்றது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்முடையது தண்ணீரைப் பங்கிடுவதற்கு. அங்கே அது படகை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் மாற்றுவதற்கு. இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, ஒரு பக்கக் கதவை அடைத்து, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ மறுபக்க மட்டத்துக்குக் கொண்டுவந்து, பிறகு அடுத்த கதவைத் திறக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். வருகிற ஒவ்வொரு படகும் நிற்க வேண்டும், படகில் இருப்பவர்கள் இறங்கிப் பேச வேண்டும், மதுக்கடைக்குப் போக வேண்டும். நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? அவசரம் உள்ளவனும் அங்கே காத்திருந்தாக வேண்டும். மெக்ரே விசாரிக்கிற வேகமும் அந்த மதகின் வேகம்தான். சைக்கிளில் கரையோரம் நாள் முழுக்க மிதித்துப் போகிறார், சேற்றில் நனைகிறார், படகுக்காரர்களோடு நின்று குடிக்கிறார். தண்ணீர் மட்டம் சமமாகும்போது கதவு தானாகத் திறக்கிறது.

1933இல் வந்த '1ஆம் எண் மதகு' நாவலையும் படியுங்கள். எனக்கு அது இன்னும் மேல்.

மன்னை வாசகன் (மன்னார்குடி), ஜூன் 20, காலை 7.40

இருவர் எழுதியதையும் மதிக்கிறேன். ஆனால் நான் மெக்ரே ஏழு படித்துவிட்டு நிறுத்தியவன். நிறுத்தியதற்குக் காரணம் உண்டு.

துப்பறியும் கதை வாசகனோடு செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம். தடயங்களை என் முன்னால் வைக்க வேண்டும், நான் யோசிக்க வேண்டும், தோற்றால் கௌரவமாகத் தோற்க வேண்டும். மெக்ரேயிடம் அந்த ஒப்பந்தமே கிடையாது. அவர் உட்காருகிறார், பீர் குடிக்கிறார், அடுப்புக்கு முதுகைக் காட்டிக் குளிர்காய்கிறார், திடீரென்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. எனக்கு எப்படிப் புரியும்? ஒரு நாவலைப் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் எழுதி முடித்தவர் சிமெனோன், நாளுக்கு ஓர் அத்தியாயம். அந்த அவசரம் கதைமுடிச்சில் தெரிகிறது.

நம் ஊர்க்காரர்கள் இந்த வகையைப் படித்தே வளர்ந்தவர்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற வடுவூரைச் சேர்ந்த துரைசாமி ஐயங்கார் 'கும்பகோணம் வக்கீல்' எழுதியபோது தமிழில் நாவலுக்கே வயது குறைவு. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவின் கணேஷ் 1968இல் 'நைலான் கயிறு' வழியாக வந்தார், பிறகு வசந்த் வந்தார். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலாவை நான் பள்ளி நாட்களில் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்திருக்கிறேன். அவர்கள் யாரும் என்னைக் காத்திருக்க வைக்கவில்லை. நீண்ட காலம் நிற்கிறது என்பதாலேயே ஒரு தொடர் உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது.

காரியஸ்தர் பேரன் (திருவாரூர்), ஜூன் 20, பிற்பகல் 1.15

மன்னை வாசகன் ஐயாவுக்கு மறுப்பாக அல்ல, என் கதையாக இதை எழுதுகிறேன்.

என் தாத்தா ஒரு மிராசு வீட்டில் முப்பது ஆண்டுகள் காரியஸ்தராக இருந்தார். நெல் அளப்பது, குத்தகை வசூல், வழக்கு விவகாரம் எல்லாம் அவர் கையில். அப்பா அந்த வீட்டுக் கொல்லைப்புறத்தில் வளர்ந்தவர். முன்வாசல் வழியாகப் போய்ப் பழக்கமில்லாதவர். பிற்பாடு அரசு வேலைக்குப் போய், நல்ல பதவியில் ஓய்வு பெற்றார். ஒரு முறை அந்த வீட்டில் ஒரு துக்கத்துக்குப் போனோம். தூண்கள் பெயர்ந்து, முற்றத்தில் ஓடு சரிந்து கிடந்தது. அப்பா செருப்பை வாசற்படிக்கு வெகு தூரம் முன்பே கழற்றிவிட்டார். உள்ளே போனதும் எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவர் முகத்தில் இருந்தது அச்சம் அல்ல என்பது மட்டும் அப்போது தெரிந்தது. அது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு 1932இல் வெளிவந்த 'செயின்ட் ஃபியாக்கர்' நாவலைப் படித்தேன். மெக்ரே பிறந்த கிராமம் அது. அவருடைய அப்பா அந்தக் கோட்டை வீட்டின் காரியஸ்தர். முதல் பூசையின்போது தேவாலயத்தில் ஒரு குற்றம் நடக்கும் என்று ஒரு துண்டுக் கடிதம் வருகிறது. சிறுவனாக அவர் வியந்து பார்த்த சீமாட்டி, இப்போது முதியவள், பூசை முடியும்போது இருக்கையிலேயே இறந்துகிடக்கிறாள். உடம்பில் காயம் இல்லை, நஞ்சு இல்லை. அவளுடைய ஜெபப் புத்தகத்துக்குள் யாரோ வைத்த ஒரு பொய்யான பத்திரிகைத் துண்டு, மகன் தற்கொலை செய்துகொண்டான் என்ற செய்தி, அவளுடைய பலவீனமான இதயத்தை நிறுத்திவிட்டது. காகிதத்தால் செய்த கொலை.

அந்த நாவலில் மெக்ரே ஏறக்குறைய எதையும் செய்வதில்லை. கடைசி இரவு விருந்தில் உண்மையை வெளியே இழுப்பவர்கூட அவர் அல்ல. அவர் அந்த வீட்டில் சங்கடத்தோடு நடமாடுகிறார். தாம் வழிபட்ட வீடு சீரழிந்து கிடப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. அங்கே என் அப்பாவைக் கண்டேன். அவர் முகத்தில் அன்று இருந்தது, தாம் மதித்த ஒன்றைக் கேவலப்பட்ட நிலையில் பார்க்க நேர்ந்த வெட்கம். அந்த வெட்கத்தை எனக்குப் புரியவைக்க ஒரு பெல்ஜியக்காரர் வர வேண்டியிருந்தது.

நிரவி (காரைக்கால்), ஜூன் 20, இரவு 8.50

காரியஸ்தர் பேரன் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

நான் பிரெஞ்சு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் எங்களுடையது. என் பெரியப்பா அலமாரியில் மெக்ரே நாவல்கள் பழுப்பேறிக் கிடந்தன. வகுப்பில் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கிற முழு நாவல் சிமெனோனுடையதாகத்தான் இருக்கும். காரணம் மிகச் சாதாரணமானது. சொற்கள் எளிமையானவை. அகராதி இல்லாமல் படித்துப்போகலாம்.

அந்த எளிமை அவருக்கு இயல்பாக வந்தது அல்ல. இளைஞராக இருந்தபோது 'லெ மாத்தன்' பத்திரிகைக்குக் கதைகள் அனுப்பினார். அங்கே இலக்கியப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் எழுத்தாளர் கொலெத். இலக்கியத்தனம் மிகுதி, அதை எடுத்துவிடு என்று அவர் திருப்பித் திருப்பிச் சொன்னதாகவும், தமக்கு எழுத்தில் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவுரை அதுதான் என்றும் சிமெனோன் 1955இல் வெளிவந்த ஒரு நேர்காணலில் கூறியிருக்கிறார். அழகுக்காக மட்டும் நிற்கிற அடைமொழியை, வினையடையை, வாக்கியத்தை வெட்டுவதுதான் திருத்தம் என்று அவர் நினைத்தார். மழை என்றால் மழை. மேசை என்றால் மேசை.

மன்னை வாசகன் அவர்களே, அவசரத்தைப் பற்றிச் சொன்னீர்கள். எழுத உட்காரும்போது அவருக்குக் கதை முடிவு தெரிந்திருக்காது. ஓர் உறையின் மேல் பாத்திரங்களின் பெயர், வயது, குடும்பம், முகவரி எழுதிக்கொள்வார். தொலைபேசிப் புத்தகத்திலிருந்து பெயர்களை எடுப்பார். பிறகு ஒரே கேள்வி: இந்த மனிதனைத் தன் எல்லை வரை போகவைக்க என்ன நடக்க வேண்டும்? அந்த மனிதனின் தோலுக்குள் அவரால் பத்துப் பதினோரு நாட்களுக்கு மேல் இருக்க முடியாது. வேகம் சோம்பலால் வந்தது அல்ல, தாங்க முடியாததால் வந்தது. தடயங்களை ஒளித்துவைத்து உங்களோடு விளையாட அவருக்கே முடிவு தெரியாதே.

இலக்கணம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் படிக்கிறவர்களுக்கு அது நழுவிப்போகிறது. பிரெஞ்சில் ஒரு வகை இறந்தகாலம் உண்டு, நடந்து முடியாமல் நீண்டுகொண்டிருப்பதைச் சொல்வது. சிமெனோன் அதிலேயே பக்கம் பக்கமாக எழுதுவார். தமிழில் அதற்கு அருமையான இணை இருக்கிறது. 'மழை பெய்தது' அல்ல, 'மழை பெய்துகொண்டிருந்தது'. 'அவள் பார்த்தாள்' அல்ல, 'பார்த்துக்கொண்டிருந்தாள்'. நிகழ்ச்சிகள் நடப்பதற்கு முன்னால் நீங்கள் அந்த அறையில் வெகு நேரம் இருந்துவிட்டதுபோல ஆகிவிடும். எனக்குத் தெரிந்து இந்தத் தொடரின் பிடி அங்கேதான் இருக்கிறது. இவரைப் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான்கு அத்தியாயம் செய்து வைத்திருக்கிறேன்.

வெட்டாறு (தஞ்சாவூர்), ஜூன் 21, காலை 6.30

எல்லோரும் புகழ்ந்துகொண்டிருக்கும்போது குறுக்கிடுகிறேன், மன்னியுங்கள். நான் குற்றவியல் வழக்கறிஞர். குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் வாதாடுவது என் வேலை. மெக்ரே எனக்கு மிகவும் பிடித்தவர். அதனாலேயே இதைச் சொல்லாமல் விட முடியாது.

முதலாவது, தொடக்க நாவல்களில் யூதர்களைப் பற்றிய வர்ணனைகள் மனத்தைப் புண்படுத்துபவை. தொடரின் முதல் நாவலில் பாரிஸின் யூதர் குடியிருப்பைப் பற்றி வருகிற பக்கங்களை நான் கசப்போடுதான் கடந்தேன். அந்தக் காலம் அப்படி என்று சொல்லி ஒதுக்கிவிட நான் தயாரில்லை. மனிதர்களைத் தீர்ப்பிடாமல் புரிந்துகொள்ள வேண்டும் என்பதைத் தம் கொள்கையாக வைத்திருந்தவர், ஒரு கூட்டத்தாரைப் பார்த்தபோது மட்டும் அதை மறந்திருக்கிறார்.

இரண்டாவது, கொன்றவனைப் புரிந்துகொள்கிற பரிவு செத்தவருக்குப் பல நாவல்களில் கிடைப்பதில்லை. அரசலாற்றங்கரை அவர்களே, வைக்கோலில் கிடந்த அந்தப் பெண்ணுக்காக உங்கள் நெஞ்சு அடைத்ததா? நீங்கள் எழுதிய பத்தியை மறுபடி படித்துப் பாருங்கள். ழான் இருக்கிறான், குதிரைகள் இருக்கின்றன. அவள் 'வராத மனைவி'யாக மட்டும் இருக்கிறாள்.

இனி ஏன் பிடிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். என் கட்சிக்காரர்கள் என் முன்னால் உட்காரும்போது நடந்ததை முதலில் சொல்வதே இல்லை. மாட்டைப் பற்றிச் சொல்வார்கள், மச்சானின் கல்யாணத்துக்குக் கொடுத்த கடனைப் பற்றிச் சொல்வார்கள். அனுபவம் குறைந்த வழக்கறிஞர் குறுக்கிட்டு விஷயத்துக்கு வரச் சொல்வார். நானும் அப்படித்தான் இருந்தேன். 1955இல் வந்த 'தலையில்லா உடல்' நாவல் என்னை மாற்றியது என்று சொன்னால் அது மிகை இல்லை. பாரிஸ் நகரக் கால்வாயில் படகுக்காரச் சகோதரர்கள் இருவர் தண்ணீருக்குள் துழாவ, மேலே வருவது ஒரு மனிதக் கை. மெக்ரே பக்கத்துச் சிறு மதுக்கடைக்குள் போகிறார். அங்கே ஒரு பெண், திருமதி கலாஸ். எதற்கும் அஞ்சாதவள், எதையும் விளக்காதவள், நாள் முழுக்க மறைவாகக் குடித்துக்கொண்டிருப்பவள். விரைவிலேயே அவருக்கு உடல் யாருடையது என்று தோன்றிவிடுகிறது. ஆனால் அவரை அலைக்கழிக்கும் கேள்வி வேறு: வசதியான வீட்டில் பிறந்த இந்தப் பெண் தன்னை இப்படித் தாழ்த்திக்கொண்டது ஏன்? வழக்கை நடத்துகிற நீதிபதிக்கு அந்தக் கேள்வியே தேவையற்றதாகப் படுகிறது. நான் அந்த நீதிபதியாக இருந்துகொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் மாட்டைப் பற்றி முழுதாகக் கேட்கிறேன்.

அரசலாற்றங்கரை (கும்பகோணம்), ஜூன் 21, காலை 9.05

வெட்டாறு அம்மா, நீங்கள் கேட்டது சரி. அவளுக்காக அடைக்கவில்லை. நான்கு முறை படித்தும் அவளை நான் பார்க்கவில்லை. ழானைப் பார்க்கத் தவறியதைப் பெரிதாக எழுதிய நான், அவளையும் அதே போலத் தாண்டிப் போயிருக்கிறேன். இன்று காலை அவளுக்காக மட்டும் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். இறப்பதற்கு முன் சில நாட்கள் அவள் குதிரை லாயத்தில் இருந்திருக்கிறாள், பழைய கணவனோடு. அந்த நாட்களை சிமெனோன் கிட்டத்தட்ட எழுதவே இல்லை. எழுதப்படாத அந்த நாட்களைப் பற்றி இப்போது நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

மூணாறு தலைப்பு (நீடாமங்கலம்), ஜூன் 21, காலை 11.30

பெண்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் திருமதி மெக்ரேயையும் சொல்லிவிடலாம். என் மனைவி இந்தத் தொடரைப் படிப்பது அவருக்காக. குழந்தை இல்லாத தம்பதி. ரிஷார் லெனுவார் சாலையில் வாடகை வீடு. எத்தனை மணிக்கு மெக்ரே திரும்பினாலும், மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டதும், அவர் கதவைத் தட்டும் முன்பே அவர் மனைவி திறந்துவிடுவார். அவரை முதற்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'மெக்ரே' என்றுதான். என் மனைவிக்கு இது வியப்பாகவே இல்லை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் பெயர் சொல்லாமலே ஐம்பது ஆண்டு குடித்தனம் நடத்தியவர்கள்தான்.

நாற்பத்தோரு ஆண்டு எழுதப்பட்ட தொடரில் மெக்ரேக்குப் பெரிதாக வயது ஏறவில்லை, அந்த வீடும் பெரிதாக மாறவில்லை. நிஜத்தில் பாரிஸ் குற்றப் புலனாய்வுப் பிரிவே 2017இல் பழைய ஆற்றங்கரைக் கட்டடத்தை விட்டு வேறு இடம் போய்விட்டது. நாவலில் இன்னும் அந்த அடுப்பு எரிகிறது, எதிர்க் கடையிலிருந்து ரொட்டியும் பீரும் விசாரணை அறைக்கு வருகின்றன, விசாரிக்கப்படுகிறவனுக்கும் சேர்த்து. இரவெல்லாம் நீளும் அந்த விசாரணைக் காட்சிகளில் ஒரு கட்டத்தில் இருவரும் களைத்துப்போய் ஒரே தட்டிலிருந்து சாப்பிடுவதுபோல ஆகிவிடும். எனக்கு வேறு எந்தத் துப்பறிவாளரிடமும் அது கிடைக்கவில்லை.

மன்னை வாசகன் (மன்னார்குடி), ஜூன் 21, இரவு 10.10

மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் கருத்தை முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை. புதிர் இல்லாத துப்பறியும் கதை எனக்கு இன்னும் உப்பில்லாத சோறுதான். கணேஷ் ஒரு பக்கத்தில் சொல்கிற விஷயத்துக்கு மெக்ரே முப்பது பக்கம் எடுத்துக்கொள்கிறார்.

ஆனால் நிரவி அம்மா எழுதிய ஒன்று என்னை நிறுத்திவிட்டது: முடிவு அவருக்கே தெரியாது என்பது. நான் ஏழு நாவல்களையும் ஒளித்துவைத்ததைத் தேடிப் படித்தேன். ஒளித்துவைக்கப்படாத இடத்தில் தேடியிருக்கிறேன். அதனால் இன்று மாலை என்னிடம் இருக்கிற ஒன்றை மறுபடி எடுத்தேன், 1955இல் வந்த 'மெக்ரேயின் பொறி'. பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் அடுத்தடுத்துப் பெண்கள் கொல்லப்படுகிறார்கள். பிடிபட்டவன் காவலில் இருக்கும்போதே இன்னொரு கொலை விழுகிறது. அவனுக்கு ஒரு தாய், ஒரு மனைவி. போன முறை நான் 'யார்' என்று ஊகித்துவிட்ட பெருமையில் புத்தகத்தை மூடினேன். இன்று கடைசி அத்தியாயத்தில் அந்த இரண்டு பெண்களும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் படித்தபோது வயிறு கலங்கியது. அவனைத் தன்னுடையவனாக வைத்துக்கொள்ள இருவரும் எதுவரை போவார்கள் என்பதுதான் அந்தக் காட்சி. நான் கண்டுபிடித்த விடை அதில் ஒரு சிறு பகுதி.

காரியஸ்தர் பேரன் சொன்ன 'செயின்ட் ஃபியாக்கர்' என்னிடம் இல்லை. யாரிடமாவது இருந்தால் இரவலாகக் கிடைக்குமா?

காரியஸ்தர் பேரன் (திருவாரூர்), ஜூன் 21, இரவு 10.40

என் பிரதி அப்பாவிடம் இருக்கிறது ஐயா. ஆங்கிலம் மெதுவாகத்தான் படிப்பார், பாதியில் இருக்கிறார். கோட்டை வீட்டுக்குள் மெக்ரே முதல் முறை நுழையும் பக்கத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்திருக்கிறார். இரண்டு வாரமாக டிக்கெட் அங்கேயே இருக்கிறது. கேட்டால், அந்த இடத்தை இன்னொரு முறை படித்துவிட்டுப் போகிறேன் என்கிறார். அவசரப்படுத்த மனம் வரவில்லை.

நிரவி (காரைக்கால்), ஜூன் 22, காலை 7.15

அவரை அவசரப்படுத்த வேண்டாம் தம்பி. நான் தமிழாக்கம் செய்து வைத்திருக்கும் நான்கு அத்தியாயங்கள் அந்த நாவலுடையவைதான். 'காரியஸ்தர்' என்ற சொல் எனக்குக் கிடைக்காமல் 'மேலாளர்' என்று எழுதி, பிடிக்காமல் வைத்திருந்தேன். இன்று காலை எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன். உங்கள் அப்பா தமிழில் படிக்க விரும்பினால் அச்செடுத்து அனுப்புகிறேன். மன்னை வாசகன் அவர்களுக்கும் ஒரு பிரதி. தூக்கலாகத் தெரிகிற அடைமொழிகளைப் பென்சிலால் அடித்துத் திருப்பி அனுப்பினால் போதும்.